ஹீல்ஸ் ஆடுகிறது, சத்தம் போடுகிறது, வழுக்குகிறது: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் வீட்டில் நான்கு பெண்கள். ஹீல்ஸ் போடாதவள் நான் ஒருத்திதான். ஆனால் மற்ற மூன்று பேருடைய ஹீல்ஸும் என்றைக்காவது ஒருநாள் என் மேசைக்கு வந்துதான் தீரும், அதுவும் கிளம்ப அரைமணி நேரம் இருக்கும்போது. அதே நாலைந்து கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், இப்போதெல்லாம் செருப்பைக் கையில் வாங்கி ஓர் ஆட்டு ஆட்டினாலே எங்கே பிரச்சினை என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் செருப்பு என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## முதலில் இதைப் படித்துவிடுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: ஒரு குறடு, சின்னச் சுத்தியல், திருப்புளி, உப்புத்தாள் (120 நம்பர் போதும்), மொக்கைக் கத்தி, ஹேர் டிரையர், செருப்பு ஒட்டும் பசை. பசை என்று நான் சொல்வது செருப்புத் தைப்பவர்கள் டப்பாவில் வைத்திருக்கும் மஞ்சள் நிறமான, தேன்போல் வழியும், மூக்கைத் துளைக்கும் வாசனை உள்ள பசையை. அதைத் திறக்கும்போது ஜன்னலையும் திறந்துவிடுங்கள்.

சூப்பர் க்ளூவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். அது காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், செருப்போ ஒவ்வொரு அடிக்கும் வளையும், அதனால் இரண்டு நாளில் விட்டுவிடும். விட்டுப்போவதுகூடப் பரவாயில்லை, அது விட்டுச்செல்லும் கெட்டியான படலத்தின் மேல் அப்புறம் நல்ல பசையும் ஒட்டாது. நான் பாழாக்கிய செருப்புகளில் பாதி இப்படிப் போனவைதான்.

அடுத்தது, எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது. மேல்தோல், ஓரம், இன்சோல் (செருப்புக்குள் பாதம் படும் தட்டு), அடியில் இருக்கும் ரப்பர் எல்லாம் வீட்டில் ஒட்டலாம். உடம்பு எடையைத் தாங்குகிற பாகங்கள் மூன்று: குதிகால் கட்டை, அதைச் செருப்போடு பிடித்திருக்கும் திருகும் ஆணிகளும், நடு வளைவுக்குள் ஓடும் இரும்புப் பட்டை. இவற்றில் விரிசலோ முறிவோ தெரிந்தால் பசையைத் தொடவே வேண்டாம். ஒட்டினது போல் இருக்கும், படியிறங்கும்போது கைவிட்டுவிடும், போவது கணுக்கால்.

கோளாறா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஜோடியில் இன்னொரு செருப்பை எடுத்து அதே இடத்தை அதேபோல் அழுத்திப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

## நடக்கும்போது ‘டக் டக்’ என்று உலோகச் சத்தம் வருகிறது

பத்தில் எட்டுத் தடவை இது டிப் தேய்ந்ததால் வருவது. குதிகால் கட்டையின் நுனியில் தரையைத் தொடும் சின்ன ரப்பர் துண்டைத்தான் டிப் என்கிறோம். பென்சில் ஹீலில் அதற்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கும், அது கட்டைக்குள் இருக்கும் துளையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ரப்பர் தேய்ந்து தீர்ந்ததும் கம்பி தரையில் இடிக்கிறது. சத்தம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். கம்பி இரும்பு என்பதால் வழவழ தரையில் சர்ரென்று வழுக்கும், மரத்தரையில் குழி போடும். அதையும் கவனிக்காமல் விட்டால் பிளாஸ்டிக் கட்டையே தரையில் உரசித் தேய ஆரம்பித்து, மூடியிருக்கும் தோல் ஓரத்தில் பிய்ந்து மேலே சுருளும். டிப் மாற்றப் பத்து நிமிடம். கட்டை தேய்ந்துபோனால் மாற்றுக் கட்டை தேட வேண்டும். இந்தப் பட்டியலில் இருக்கும் பெரிய கோளாறுகளில் பல இந்தச் சின்ன ரப்பரை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டதில்தான் தொடங்குகின்றன.

செருப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ரப்பர் இருக்கிறது, ஆனால் விரலால் ஆட்டினால் ஆடுகிறது. கம்பி தளர்ந்திருக்கிறது. டிப்பை உருவி எடுத்து, கம்பியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று மெல்லிய காகிதம் சுற்றி மறுபடி தட்டி ஏற்றுங்கள். ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் கொஞ்சம் தடித்த கம்பியுள்ள டிப் வாங்கிவிடுங்கள்.

ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பின்பக்க வெளி ஓரம் தேய்வது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. டிப்பை மாற்றினால் போதும். உள் ஓரம் வேகமாகத் தேய்ந்தால் கட்டையே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். கட்டை நேராக இருந்து, நீங்கள் போடும் எல்லாச் செருப்பும் இப்படியே தேய்ந்து, காலும் வலிக்கிறது என்றால் அது செருப்பின் கோளாறு இல்லை. மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.

ரப்பரே இல்லை, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டும். கீழே இருக்கிறது.

### டிப் மாற்றுவது

செருப்பின் நுனி தரையைப் பார்க்க, குதிகால் மேலே வர, முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பரைக் குறடால் கவ்வி, இடம் வலமாகத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். நேராக மட்டும் இழுத்தால் ரப்பர் பிய்ந்து கையோடு வரும், கம்பி உள்ளேயே நிற்கும். அப்படி நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள், கம்பியையே பல்லுள்ள குறடால் கவ்வித் திருகினால் வந்துவிடும். கம்பி மட்டத்தோடு மட்டமாக ஒடிந்து, கவ்வ எதுவும் இல்லாமல் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும், அது செருப்புத் தைப்பவரின் வேலை.

புது டிப் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். மேல் அளவு பொருந்தினால் போதும் என்று நினைப்பார்கள், அதைவிட முக்கியம் கம்பியின் தடிமன். மெலிந்தால் நடுவழியில் கழன்று விழும், தடித்தால் கட்டை பிளக்கும். கையால் அழுத்தினால் கொஞ்ச தூரம் போய் நின்று, மிச்சத்துக்குச் சுத்தியல் கேட்க வேண்டும், அதுதான் சரியான அளவு. டிப்பில் தட்டையான பக்கம் ஒன்று இருந்தால் அது செருப்பின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும், வளைவு பின்னால். நேராக, சின்னச் சின்ன அடியாக அடியுங்கள். ஒருமுறை அவசரத்தில் கொஞ்சம் சாய்வாக ஓங்கி அடித்தேன், கட்டை நீளவாக்கில் கீறிவிட்டது. அன்றைக்கு என் தங்கை தட்டைச் செருப்பில்தான் கிளம்பினாள், அந்த ஜோடியைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

கம்பியில் பசை தடவாதீர்கள். அடுத்த தடவை கழற்றப்போவது நீங்கள்தான்.

இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் உயரம் வித்தியாசப்படும். டிப் கொஞ்சம் வெளியே துருத்தினால் கட்டைமேல் டேப் சுற்றிவிட்டு உப்புத்தாளால் ரப்பர் ஓரத்தை மட்டும் தேய்த்து மட்டமாக்குங்கள்.

அகலமான பிளாக் ஹீலில் பெரும்பாலும் டிப் ஒட்டியிருக்கும், அல்லது சின்ன ஆணிகளால் அடித்திருக்கும். கத்தியால் நெம்பி எடுத்து, ரப்பர் தகட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டி, காய்ந்தபின் ஓரம் சீவிக்கொள்ளலாம். பென்சில் ஹீலைவிட இது சுலபம்.

## குதிகால் ஆடுகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று வீட்டில் தீரும், இன்னொன்று தீராது.

ஒரு கையால் செருப்பின் பின்பகுதியை இறுகப் பிடியுங்கள், இன்னொரு கையால் கட்டையை முன்னும் பின்னும் அசையுங்கள். கண் கட்டையும் செருப்பும் சேரும் கோட்டில் இருக்கட்டும்.

அந்தக் கோட்டில் இடைவெளி திறந்து மூடுகிறது. திருகோ ஆணியோ தளர்ந்திருக்கிறது. இன்சோலின் குதிகால் பகுதியை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, பின்னாலிருந்து மொக்கைக் கத்தியால் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் நடுவில் ஒரு திருகும் சுற்றிலும் சில ஆணிகளும் தெரியலாம், சிலவற்றில் ஆணிகள் மட்டும்தான் இருக்கும்.

திருகு இருந்தால், அதன் தலைக்குச் சரியான திருப்புளியால் இறுக்குங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும், இன்சோலைத் திரும்ப ஒட்டிவிடலாம். எவ்வளவு திருகினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெரிதாகிவிட்டது. அதே நீளத்தில் கொஞ்சம் தடித்த திருகு போட்டுப் பார்க்கலாம். நீளமானதைப் போட்டால் பிடிப்பு கூடும் என்று தோன்றும், ஆனால் கட்டையின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வெறும் ஆணிகள்தான் என்றால் கொடுத்துவிடுங்கள். செருப்புக்குள் இரும்பு அச்சைக் கொடுத்து அடிக்காமல் புது ஆணி நேராக இறங்காது. வீட்டில் கரண்டிக் காம்பை உள்ளே விட்டு அடித்துப் பார்த்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கோட்டில் இடைவெளியே இல்லை, ஆனால் நிற்கும்போது குதிகால் பின்னால் சாய்கிறது. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை முறிந்திருக்கலாம். செருப்பை மேசையில் வைத்து, நடு வளைவில் உள்ளிருந்து கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். நல்ல செருப்பு அசையாது. பட்டை போயிருந்தால் வளைவு கீழே அமுங்கும், குதிகால் பின்னால் ஓடும், சில நேரம் ‘க்ளிக்’ என்று உள்ளே கேட்கும். ஜோடியையும் அழுத்தி ஒப்பிடுங்கள். உறுதியானால் அந்தச் செருப்போடு ஓர் அடிகூட எடுத்துவைக்காதீர்கள். அடித்தட்டைப் பிரித்துப் பட்டை மாற்ற முடியும், செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு பிடிக்கும் வேலை இதுதான். மலிவான செருப்புக்குப் பண்ண வேண்டாம்.

கட்டையிலேயே விரிசல். மூடியிருக்கும் தோலில் மெல்லிய கோடாகத்தான் தெரியும், சுருக்கம் என்று ஏமாந்துவிடுவோம். இரண்டு கையாலும் கட்டையை லேசாக வளைத்துப் பாருங்கள், சுருக்கம் அப்படியே இருக்கும், விரிசல் வாய் திறக்கும். கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். அதே உயரம், அதே வடிவம் கிடைப்பது அபூர்வம் என்பதால் இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். அது ஏமாற்று வேலை இல்லை.

எதுவும் ஆடவில்லை, ஆனாலும் தள்ளாடுகிறது. இரண்டையும் மட்டமான மேசையில் வைத்து மேலிருந்து விரலால் தட்டுங்கள். டிப்பும் முன்பாதமும் ஒரே நேரத்தில் முழுதாகத் தரையில் படிந்திருக்க வேண்டும். நாற்காலி ஆடுவதுபோல் ஆடினால் டிப் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது, மேலே போய் டிப் பகுதியைப் பாருங்கள். செருப்பு சரியாக நின்று நீங்கள் மட்டும் ஆடினால் அளவு பெரிது.

## முன்பக்கம் வாயைப் பிளக்கிறது

பசை விட்டிருக்கிறது. வீட்டில் திருப்தியாகச் செய்யக்கூடிய வேலை இது, பொறுமை மட்டும் இருந்தால்.

பிளந்த வாய்க்குள் இருக்கும் மண்ணையும் பழைய பசையையும் சுரண்டுங்கள், உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு இரண்டு பக்கமும் தேயுங்கள், துடைத்து உலரவிடுங்கள். ஈரம் துளி இருந்தாலும் பிடிக்காது. பிறகு இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவி, மூடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், ஈரமாக இருக்கும்போதே அமுக்கிவிட்டு ஒட்டவில்லை என்கிறார்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாததுமாக இருக்க வேண்டும். அப்போது ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டி, ஒரே அமுக்காக அமுக்குங்கள். இந்தப் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிபண்ண இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ரப்பர் பேண்டோ துணியோ இறுகச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

பிளவு முன்பாதத்தைத் தாண்டி நடு வளைவு வரை போயிருந்தால், அல்லது மேல்தோல் ஓரம் கிழிந்து ஒட்டுவதற்குத் தோலே இல்லாமல் இருந்தால், கொடுத்துத் தைத்து வாங்குவது நல்லது.

அடித்தட்டு ஒட்டினாலும் பொடிப்பொடியாக உதிர்கிறதா? அதற்கு மருந்து இல்லை. பாலியூரிதேன் என்ற பொருளால் செய்த அடித்தட்டு, காற்றில் இருக்கும் ஈரத்தால் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும், காலில் போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் சரி. பல வருடம் கழித்து வெளியே எடுக்கும் ஜோடியை முந்தின நாளே வீட்டுக்குள் ஒரு கால்மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள், உதிர்வதானால் வீட்டுக்குள்ளேயே உதிரட்டும்.

## கிறீச் கிறீச் என்கிறது

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். செருப்பைக் கழற்றி, காதருகே வைத்து, ஒவ்வோர் இடமாக அசையுங்கள்.

இன்சோலை அழுத்தும்போது என்றால் அடியில் பசை விட்டிருக்கிறது, தூக்கிக் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள், நின்றால் சரி, நிற்காவிட்டால் ஒட்டுங்கள். வார்கள் உரசும்போது என்றால் உரசும் இடத்தில் மெழுகு தேயுங்கள். மழையில் நனைந்த பிறகு ஆரம்பித்தது என்றால் உள்ளே காகிதம் திணித்து நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைக்கும், பசையும் இளகும். நடு வளைவை அழுத்தும்போது வந்தால் மேலே இரும்புப் பட்டையைப் பற்றிச் சொன்னதைப் படியுங்கள், அதற்குப் பவுடர் போட்டு மறைக்காதீர்கள்.

## வழுக்குகிறது

தரையிலா, செருப்புக்குள்ளேயா?

தரையில். புதுசு என்றால் அடித்தட்டு வழவழவென்று இருக்கும். முன்பாதம் படும் இடத்தை உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், ஐந்து நிமிட வேலை. போதவில்லை என்றால் ஒட்டும் ரப்பர் பாதி சோல் கிடைக்கிறது, தேய்த்துத் துடைத்த பரப்பில்தான் பிடிக்கும். தடிமனானதை வாங்காதீர்கள், முன்பக்கம் உயர்ந்தால் குதிகால் சரிவு மாறி டிப்பின் பின் ஓரம் மட்டும் தரையில் படும். பழைய செருப்பு திடீரென்று வழுக்க ஆரம்பித்தால் முதலில் டிப்பைப் பாருங்கள், கம்பி எட்டிப் பார்க்கும்.

உள்ளே, கால் முன்னால் ஓடி விரல்கள் நசுங்குகின்றன. முன்பாதத்துக்கு அடியில் ஜெல் பட்டை. பின்னால் குதிகால் கழன்று கழன்று வந்தால் பின்பக்கம் உள்ளே ஒட்டும் மெத்தை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்டாதீர்கள், ஒன்றை ஒட்டி நடந்து பார்த்துவிட்டு மற்றதை. கணுக்கால் வார் இருந்தால் இதெல்லாம் எதற்கு, இன்னொரு துளை போடுங்கள்: ஏற்கெனவே இருக்கும் துளைகளுக்கு இடையே உள்ள அதே தூரத்தில் குறி வைத்து, தோலென்றால் துளைக்கும் கருவியால், ரெக்சினென்றால் காய்ச்சிய ஊசியால் (ஊசியைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள்).

## இறுக்கமாகக் கடிக்கிறது

நிஜத் தோலென்றால் அகலத்தில் கொஞ்சம் இளகும். தடித்த காலுறை போட்டுச் செருப்பை மாட்டி, கடிக்கும் இடத்தில் டிரையரால் இளஞ்சூடு காட்டிக்கொண்டே காலை மடக்கி நீட்டுங்கள், சூடு ஆறும்வரை கழற்றாதீர்கள். ஒரே இடத்தில் பிடித்தால் பசை விட்டுவிடும், நகர்த்திக்கொண்டே இருங்கள். நீளம் போதவில்லை என்றால் எதுவும் செய்ய முடியாது. ரெக்சின் அன்றைக்கு விரியும், மறுநாள் பழையபடி கடிக்கும்.

## குதிகாலில் ஏதோ குத்துகிறது

ஆணி தலைதூக்கியிருக்கிறது. இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். ஒரே ஆணி லேசாக எழும்பியிருந்தால் அதன்மேல் ஒரு தடித்த திருப்புளியின் முனையை வைத்துத் தட்டி இறக்கலாம். இரண்டு மூன்று எழும்பியிருந்தால் கட்டை கழலத் தொடங்கிவிட்டது என்று பொருள், ஆட்டிப் பார்த்துவிட்டுத் தைப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## குதிகால் தோல் உரிந்து சுருண்டுவிட்டது

கல் இடுக்கிலும் சாக்கடை மூடியின் கம்பியிலும் மாட்டி இழுத்ததன் அடையாளம். தோல் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டு மேலே போயிருந்தால் விரல் சூட்டில் மெதுவாக நீவி இறக்கி, பல்குத்தும் குச்சியால் பசை தடவிப் படியவையுங்கள். மிச்சம் தெரியும் கீறலுக்கு அதே நிற ஷூ கிரீம். கறுப்பென்றால் மார்க்கர் பேனாகூடப் போதும், யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. தோல் துண்டே காணாமல் போயிருந்தால் கட்டை முழுவதற்கும் புது உறை போட வேண்டும், வீட்டில் அதைச் சுருக்கமில்லாமல் இதுவரை எனக்குப் போட வந்ததில்லை.

பளபள பேட்டன்ட் தோலில் கறை என்றால் ஈரத்துணி, கூடவே ஒரு துளி பேபி ஆயில். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள், கறையோடு பளபளப்பும் கரைந்து வந்துவிடும். ஸ்வேடில் காய்ந்த கறையென்றால் பென்சில் அழிப்பான்.

## வார் கழன்றது, எலாஸ்டிக் தளர்ந்தது

எலாஸ்டிக்கை நீங்களே மாற்றலாம், பழையதன் தையலைப் பிரித்து, அதே அகலத்தில் புதியதை ஓர் இழுப்பு குறைவாக வெட்டித் தடித்த நூலால் தைத்துவிடுங்கள். வார், மேல்தோலுக்கும் அடித்தட்டுக்கும் நடுவிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தால் கதை வேறு. பசை போட்டுச் செருகினால் நிற்கும், அடுத்த தடவை படியேறும் வரைக்கும். அதை உள்ளே விட்டு ஆணி அடித்துத் தைக்க வேண்டும், கொடுத்துவிடுங்கள்.

## மேல்பூச்சு செதிள் செதிளாக உரிகிறது

ரெக்சின் செருப்பின் கடைசிக் கட்டம் இது. ஒரு செதிளை ஒட்டினால் பக்கத்தில் இரண்டு உரியும். பெயின்ட் அடித்துப் பார்த்திருக்கிறேன், அது செதிளோடு சேர்ந்து உதிர்ந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் பக்கிளையும், நன்றாக இருந்தால் இரண்டு டிப்பையும் குறடால் உருவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த அவசரத்துக்கு வேண்டிய அளவு அதில்தான் கிடைக்கும்.